வியோலாக்காரரின் மூச்சு

முதல் மூச்சே சரியில்லை.

மேடையில் நான்கு பேரும் வாத்தியத்துக்கு மேலே வில்லைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அரங்கில் கடைசியாக ஒரு குடை சரிந்து விழுந்தது; யாரோ அதைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, மன்னிப்புக் கேட்கிற பாவனையில் தொண்டையைச் செருமி அடங்கினார். தரைக்குப் பூசிய மெழுகின் வாசமும் மழையில் நனைந்த துணிகளின் வாசமும் கலந்து அடைத்துக்கொண்டிருந்த அந்தக் காற்றில், மூன்றாவது வரிசையின் ஓரத்து இருக்கையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அவள் மேடையில் இருந்த தன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அது கேட்டது. மூக்கு வழியாக உள்ளே இழுத்த மூச்சு. தொடக்கத்தில் இடது நாசியில் மெல்லிய விசில், முடிவில் தொண்டைக்குள் ஏதோ தாழிட்டுக்கொள்வதுபோல ஒரு சின்ன 'டிக்'. அடுத்த நொடி நான்கு வில்லும் ஒன்றாக இறங்கி, பாட்டு ஆரம்பித்துவிட்டது.

அது அவள் கணவரின் மூச்சு. அவர் இறந்து எட்டு மாதமாகிறது.

பிரமை என்றுதான் முதலில் நினைத்தாள். வீட்டிலும் இப்படி ஆவதுண்டு. குழாயைத் திறந்தால், குக்கர் ஆவி விட்டால், ஜன்னல் திரை அசைந்தால் கேட்கும். பள்ளிக்கூட நாளில் பந்து பட்டு மூக்குத் தண்டு வளைந்துபோன மனிதர் அவர். பக்கத்துத் தலையணையில் கால் நூற்றாண்டாக அந்த விசிலைக் கேட்டுத்தான் அவள் தூங்கினாள். அவர் போன பிறகு தூக்கம் வராததற்குத் துக்கம் பாதிக் காரணம், அந்தச் சத்தம் இல்லாதது பாதிக் காரணம்.

அவளுக்கு இசை தெரியாது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. வாய் திறந்து யாருமே பாடாததை எப்படி நீ பாட்டு என்கிறாய் என்று அவர் வாழ்நாள் முழுக்கக் கிண்டல் செய்தார். அவளும் வாழ்நாள் முழுக்கப் பாட்டு என்றே சொன்னாள். கச்சேரிக்கு வந்தால் நடுவில் கண் அசந்துவிடும். "மேடையிலேருந்தே தெரியுது, உன் தலை தாளம் தப்பாம ஆடுது" என்பார். ஆனால் அவர் மூச்சு மட்டும் அவளுக்கு மனப்பாடம்.

நால்வர் குழுவில் கை காட்டி ஆரம்பித்து வைக்க ஆள் கிடையாது. ஒருவர் மூச்சை இழுப்பார். மற்ற மூவரும் அந்த மூச்சோடு சேர்ந்து வில்லை இறக்குவார்கள். பெரும்பாலான குழுக்களில் அது முதல் வயலின்காரரின் வேலை. இந்தக் குழுவில் மட்டும் வியோலாக்காரர். முதல் வயலின்காரருக்கு வாலிபத்தில் அவசரம் அதிகம். அவரை நம்பி இறங்கினால் மற்றவர்கள் பேருந்தைத் துரத்துகிற மாதிரி ஓட வேண்டியிருக்கும். அதனால் அவரே ஒருநாள், "இனிமே நீ இழுடா, நாங்க வர்றோம்" என்று வயலினைவிடக் கொஞ்சம் பெரிய, கொஞ்சம் கனத்த குரலுள்ள அந்த வியோலாவின் பக்கம் பொறுப்பைத் தள்ளிவிட்டார். ஆரம்பிப்பது, நிறுத்துவது, ஒரு நீண்ட சுரத்தை எவ்வளவு நேரம் பிடிப்பது, எல்லாமே அந்த வளைந்த மூக்கின் பாடு என்று ஆனது. ஒலிப்பதிவுக்கு வந்தவர் "சார், மூக்கைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று கெஞ்சியிருக்கிறார். மூவரும் சிரித்துவிட்டு, அது இல்லாமல் எங்களுக்குக் கை ஓடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது அவர் நாற்காலியில் மகள் உட்கார்ந்திருக்கிறாள். அம்மாவைவிட ஒரு சாண் உயரம், வீட்டில் இன்னும் குட்டி என்றுதான் பெயர். அவருடைய வியோலா, அவருடைய இடம், அவளுடைய முதல் கச்சேரி.

பெருமையாகத்தான் இருந்தது. பாட்டும் இருநூறு வருடம் பழைய, கலகலப்பான பாட்டு. நான்கு பேரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து அரட்டை அடிப்பதுபோல ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்துக்கொண்டு போனார்கள். குட்டியின் நெற்றியில் முடிக்கற்றை ஒன்று விழுந்து ஆடியது. அதைப் பார்த்து அவளுக்குக் கண் நிறைந்தது. அப்பாவைப் பார்த்து வளர்ந்த பெண், அப்பா மாதிரி மூச்சிழுக்கிறாள், இதில் என்ன அதிசயம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பாட்டு ஓரிடத்தில் நின்று, திரும்ப எடுத்தது. மறுபடியும் விசில். மறுபடியும் 'டிக்'. இந்த முறை அவள் கவனமாகப் பார்த்திருந்தாள். மூச்சு கேட்டது. அதற்குப் பிறகுதான் குட்டியின் தோள் உயர்ந்தது.

குட்டியின் மூக்கு நேரான மூக்கு. அதில் விசில் வர வழியே இல்லை.

முதல் பகுதி முடிந்ததும் அரங்கம் மொத்தமும் அடக்கி வைத்திருந்த இருமலைச் சேர்ந்து இருமியது. பக்கத்து இருக்கைக்காரர் புதினா மிட்டாய் ஒன்றைக் காகிதத்திலிருந்து சத்தமில்லாமல் பிரிக்கப் பார்த்து, பத்து மடங்கு சத்தம் செய்தார். அவளைப் பார்த்து அசடு வழிந்தார். அவளும் லேசாகச் சிரித்தாள். சாதாரண மனிதர்கள், சாதாரண மாலை, வெளியே மழை. இதில் பயப்பட ஒன்றுமில்லை.

இரண்டாம் பகுதி மெதுவானது. செல்லோக்காரர், மலை என்றே எல்லோரும் கூப்பிடுகிற அந்தப் பெரிய மனிதர், கண்ணை மூடிக்கொண்டு அடிக்குரலில் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்க, அதன்மேல் மற்ற மூவரும் தயங்கித் தயங்கி நடந்தார்கள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அந்த மூச்சு. அவள் பாட்டைக் கேட்கவில்லை. அதற்காக மட்டும் காத்திருந்தாள். அப்படிக் காத்திருந்தபோது முன்வரிசைக்காரரின் முதுகு கண்ணில் பட்டது. சாம்பல் நிறக் கோட்டுக்குள் அந்த முதுகு மூச்சோடு சேர்ந்து ஏறியது. அவர் பக்கத்து அம்மாளின் தோளும் ஏறியது. அந்த வரிசை முழுவதும், அதற்கு முந்திய வரிசையும், ஒரே போர்வைக்குள் படுத்திருப்பவர்களைப்போல ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தது.

வேண்டுமென்றே மூச்சை மாற்றிப் பார்த்தாள். இரண்டு முறை முடிந்தது. மூன்றாவது முறை தானாகவே சேர்ந்துகொண்டது.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் போனாள். குறுகலான அறை, சுவரோரம் திறந்து கிடந்த வாத்தியப் பெட்டிகள், பாதி குடித்த தண்ணீர் பாட்டில்கள், வில்லுக்குத் தேய்க்கிற பிசினின் வாசம். இரண்டாவது வயலின் வாசிக்கிற டீச்சர், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பதால் அந்தப் பெயர், மூலையில் உட்கார்ந்து தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தாள். மலை, உள்ளே வந்த அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

குட்டி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை ஜில்லென்று இருந்தது.

"எப்படிம்மா இருந்துச்சு? தூங்கலையே?"

"தூங்கல. கை ஏண்டி இப்படி ஜில்லுனு இருக்கு?"

"ஏசி நேரா என் தலையிலதான் அடிக்குது."

"உதடு?"

"உதட்டுக்கு என்ன?"

உதடு நீலம் பாரித்திருந்தது. ஊதா நாவல் பழம் தின்றுவிட்டு வாய் கொப்பளிக்காத குழந்தை மாதிரி. அவளுக்கு இந்த நிறம் தெரியும்; இதைப் பார்த்துத்தான் கடைசி மாதங்களில் மருத்துவருக்குப் போன் செய்வாள்.

"குட்டி, எப்பலேருந்து நீ இப்படி மூச்செடுக்கறே?"

மகளின் முகம் மலர்ந்துவிட்டது. "உனக்கும் கேட்டுச்சா? அப்பா மாதிரியே இருக்கில்ல? பெரியப்பா ரெக்கார்டிங் எல்லாம் குடுத்தார்மா. ஒத்திகை பண்ணினதெல்லாம். காதுல மாட்டிக்கிட்டு அப்பா மூச்சு கூடவே மூச்சு விட்டுப் பழகச் சொன்னார். சுரமெல்லாம் தானா வந்துடும், மூச்சு வந்தா போதும்னார்."

"மூக்குல விசில் எப்படி வருது?"

"அதான் எனக்கும் புரியல. ஒரு வாரமா வருது." குட்டி குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்கு இன்னொண்ணும்மா. நான் எடுக்கறதுக்கு முன்னாடியே வந்துடுது. நான் கூடப் போனாப் போதும். எவ்ளோ பயந்துட்டே வந்தேன் தெரியுமா? மேடையில உட்கார்ந்ததும் பயமே போயிடுச்சு."

அவள் மகளின் ஜில்லிட்ட கைகளைச் சேர்த்துத் தேய்த்துவிட்டாள்.

பெரியப்பா என்று குட்டி சொல்வது முதல் வயலின்காரரை. கணவருக்குக் கூடப் பிறக்காத அண்ணன். கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் உள்ளே வந்தார். எட்டு மாதத்தில் அவருக்குச் சட்டைக் கழுத்து இரண்டு விரல் தொளதொளத்துவிட்டது.

"எந்த ரெக்கார்டிங் அண்ணா குடுத்தீங்க?"

"கடைசி வருஷத்துது, தங்கச்சி. அதுலதான் அவன் மூச்சு தெளிவாக் கேட்குது."

கேட்காமல் என்ன செய்யும். நுரையீரல் நாளுக்கு நாள் காய்ந்து இறுகிப்போன வருடம் அது. ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைக்கிற மாதிரி இழுத்துக்கொண்டிருந்தார். அந்த மூச்சைத்தான் பாடமாக வைத்துப் பெண்ணுக்குப் பழக்கியிருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை. அவர்களுக்கு அது தாளம். வியாதி அவர்கள் காதுக்குக் கேட்கவே இல்லை.

"அவன் போனப்புறம் எங்களால ஒரு வரி சேர்ந்து ஆரம்பிக்க முடியல," என்றார் அவர். "மூணு பேரும் வில்லைத் தூக்கிட்டு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துட்டு உட்கார்ந்திருப்போம். குட்டி வந்து அந்த மூச்சை எடுத்தா பாரு, அன்னிக்கு மலை அழுதுட்டான். அதான் எல்லாத்தையும் குடுத்துட்டேன். அன்னிக்கு வீட்டுல வாசிச்சோமே, அதைக்கூட."

"எதை?"

"கடைசி நாளு. கட்டில் பக்கத்துல போன்ல ஓடவிட்டிருந்தேன்ல. இன்னிக்கு கடைசிப் பாட்டு அதுதான்."

அவள் மகளின் உதட்டைத் திரும்பப் பார்த்தாள்.

அந்த மாலை கணவருக்குப் பிடித்த மெதுவான பாட்டை வாசித்துக் காட்டக் குழு வீட்டுக்கு வந்திருந்தது. கட்டிலைச் சுற்றி மூன்று நாற்காலி. வியோலாவின் பங்கு இல்லாமலே வாசிப்பதாக ஏற்பாடு. ஆனால் ஆரம்பிக்கிற மூச்சை நான்தான் எடுப்பேன் என்று அவர் சைகை காட்டினார். மூவரும் கண்ணை மூடி வில்லைத் தூக்கினார்கள். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் மார்பில் கையை வைத்திருந்தாள். மூச்சு உள்ளே போனது. விசில், 'டிக்'. வில்கள் இறங்கின, பாட்டு கிளம்பியது. அவள் கைக்குக் கீழே அந்த மார்பு ஏறி நின்றது. இறங்கும் என்று காத்திருந்தாள். இறங்கவில்லை. பாட்டு பாதி போவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூவரும் கண்மூடி உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. பாட்டு முடிந்து வில்கள் தாழ்ந்த பிறகுதான், போய்விட்டார் என்று சொன்னாள்.

முழுவதும் கேட்டுவிட்டுத்தான் போனான் என்று அவர்கள் நம்பினார்கள். அவளும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"குட்டி," என்றாள். "அந்த ரெக்கார்டிங்ல மூச்சு வெளிய விடற சத்தம் கேட்டியா?"

"இல்லம்மா. அதுல அதுதானே விசேஷம். ஆரம்பத்துல இழுக்கறார், அப்புறம் பாட்டு முழுக்க விடவே இல்ல. பெரியப்பாதான் சொன்னார், பாட்டைத் தாங்கிப் பிடிச்சிருக்கார்னு. நானும் அப்படியே பழகிட்டேன். முதல்ல தலை சுத்துச்சு. இப்ப ஒண்ணும் செய்யறதில்ல."

வெளியே மணி அடித்தது. டீச்சர் எழுந்து உடையின் சுருக்கத்தை நீவிக்கொண்டாள்.

"அந்தப் பாட்டு வேண்டாம் அண்ணா. இன்னிக்கு வேண்டாம்."

அவர் அவள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "முழுசும் கேட்டுட்டுத்தானே போனான், தங்கச்சி. எங்க மூணு பேருக்கும் அந்த ஒண்ணுதான் ஆறுதல். அதை அவன் பொண்ணு கூட உட்கார்ந்து வாசிக்கணும்னு எவ்வளவு ஆசையா இருக்கோம் தெரியுமா?"

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். மலை திரும்பி நின்று கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் மணிக்கட்டைப் பற்றி, "நடுவுல மூச்சை விட்டுடு. சத்தமா விட்டாலும் பரவாயில்ல. என்கிட்ட சொல்லு, விடறேன்னு" என்பதுதான் வந்தது.

"விடறேம்மா. கடைக்கு வர்றவங்ககிட்ட சொல்ற மாதிரியே சொல்றே."

அது உண்மைதான். கடையில் மிகச் சின்ன எழுத்து வரியைப் படிக்கும்போது எல்லோரும் தங்களை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். மூச்சை விடுங்க, சாதாரணமாப் படிங்க என்று நாள் முழுவதும் சொல்வது அவள்தான். குட்டி சிரித்துக்கொண்டே வியோலாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாம் பாதியின் முதல் உருப்படி டீச்சரே எழுதிய புதுப் பாட்டு. பாட்டு என்று அவளால்கூட அதைச் சொல்ல முடியவில்லை. வில்லைத் தந்தியில் படவிடாமல் மரத்தில் தேய்த்தார்கள். கதவிடுக்கில் காற்று புகுகிற சத்தம் வந்தது. பிறகு தந்தியின் அடிமுனையில் கிறீச்சிட்டார்கள். பிறகு ஒன்றுமில்லை. வெகுநேரம் ஒன்றுமே இல்லை. அந்த வெறுமையில் வில்லைத் தூக்கிக்கொண்டு நான்கு பேரும் காத்திருக்க, மூச்சு வந்தது, அதன் பின்னால் ஒரு சின்னக் கீறல் சத்தம், மறுபடியும் வெறுமை. தாளக்கட்டு என்று ஒன்று கிடையாது. மூச்சை மட்டுமே நம்பி எழுதியிருந்தாள் டீச்சர்.

யாரும் இருமவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் மிட்டாயைக் கையில் வைத்திருந்தார், பிரிக்கவில்லை. புதினா வாசம் போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் தைல வாசமும், ஆக்ஸிஜன் குழாயின் வெதுவெதுப்பான பிளாஸ்டிக் வாசமும், நாள் கணக்கில் ஜன்னல் திறக்காத அறையின் வாசமும் மெல்ல வந்து உட்கார்ந்தன. அவள் வீட்டு அறை அது. அந்தக் கட்டிலை அவள் விற்றுவிட்டாள், திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்த்துவிட்டாள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள். வாசம் மட்டும் இங்கே வந்திருந்தது.

கணவர்மேல் அவளுக்குக் கோபம் வந்தது. எட்டு மாதமாக எவ்வளவு கூப்பிட்டேன், என்னிடம் ஒருமுறை வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். உடனே அழுகை முட்டியது. வா என்றால் வந்திருப்பேன். அவளை விட்டுவிடுங்கள். குழந்தை அவள்.

பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தபோதும் அவள் கை அசையவில்லை. முதல் வயலின்காரர் எழுந்து இரண்டு வார்த்தை பேசினார். எங்கள் நண்பன் இந்தப் பாட்டை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினான், இன்று அவன் மகளோடு சேர்ந்து அவனுக்காக வாசிக்கிறோம் என்றார். அரங்கம் கனிந்துபோய் அவரைப் பார்த்தது. விளக்குகள் இன்னும் கொஞ்சம் தணிந்தன.

குட்டி அம்மாவைத் தேடிப் பார்த்தாள். சிரித்தாள்.

விட்டுடு என்று அவள் உதட்டை அசைத்தாள்.

நான்கு வில். நான்கும் மேலே.

மூச்சு வந்தது.

மேடையிலிருந்து மட்டும் வரவில்லை. முன்னிருந்து வந்தது, பின்னிருந்து வந்தது, அவள் காதோரத்திலிருந்து வந்தது. விசில். நீண்ட, கிணற்றிலிருந்து இறைக்கிற இழுப்பு. பிறகு 'டிக்'.

பாட்டு கிளம்பியது.

அவள் பாட்டைக் கேட்கவில்லை. மகளின் கழுத்துக்குக் கீழே, காறை எலும்பு இரண்டும் சேரும் குழியைப் பார்த்தாள். அது உள்வாங்கி நின்றது. நெஞ்சு ஏறி நின்றது. இறங்கட்டும். முதல் வயலின் ஒரு வரி வாசித்து முடித்தது. இரண்டாவது வயலின் அதை வாங்கிக்கொண்டது. இறங்கட்டும். செல்லோ அடியில் முனகியது. இறங்கவில்லை. குட்டியின் வலது கை மட்டும் போய்ப் போய் வந்தது. அவ்வளவு அழகாக அவள் என்றுமே வாசித்ததில்லை. இசை தெரியாத அம்மாவுக்குக்கூட அது தெரிந்தது. அப்பா வாசித்த மாதிரி இருந்தது.

நெஞ்சு இறங்கவில்லை.

அவள் எழுந்தாள். இருக்கை படாரென்று மடங்கிக்கொண்டது. யாரும் திரும்பவில்லை. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் கண்ணைத் திறந்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் மிட்டாய். மார்பு ஏறி நின்றிருந்தது.

நடைபாதையில் இறங்கினாள். மேடையை நோக்கி விரைந்தாள். மேடைப் பக்கத்துக் கதவோரம் நின்ற டிக்கெட் கிழிப்பவர் கையை நீட்டி, உதட்டால் மட்டும், "பாட்டு முடியட்டும்மா" என்றார். அவர் கையைத் தட்டிவிட்டாள்.

மேடைப் படி. ஒன்று. இன்னொன்று.

பாட்டு அடங்கிக்கொண்டே வந்தது. மெல்லியதாகி. இன்னும் மெல்லியதாகி. வில்லின் நுனி மட்டும் தந்தியில். பிறகு அதுவும் இல்லை.

நான்கு வில்லும் தந்தியை விட்டு எழும்பி, காற்றில் நின்றன.

இப்படிச் சன்னமாக முடிகிற பாட்டுக்கு, வில் தாழும்வரை யாரும் கைதட்டுவதில்லை. வில் தாழ வேண்டுமானால் வியோலாக்காரர் மூச்சை வெளியே விட வேண்டும். அதுதான் இந்தக் குழுவின் வழக்கம். மூவரும் கண்ணை மூடிக்கொண்டு அதற்காகக் காத்திருந்தார்கள்.

அவள் மகள்முன் மண்டியிட்டாள். மார்பில் கையை வைத்தாள். உடை குளிர்ந்திருந்தது, உள்ளே உடம்பும் குளிர்ந்திருந்தது. காற்று நிரம்பி, பலகைபோல் விறைத்து, ஏறி நின்ற மார்பு. இந்தக் கைக்கு இது புதிதல்ல.

"விடுடி கண்ணு. மூச்சை விடு. அம்மா வந்துட்டேன் பாரு."

குட்டியின் கண் திறந்திருந்தது. அம்மாவைத்தான் பார்த்தது. ஓரத்தில் நீர் திரண்டு நின்றது, வழியவில்லை. உதடு கறுத்திருந்தது. வில் பிடித்த கை துளிகூட நடுங்கவில்லை.

அவள் முதல் வயலின்காரரின் முழங்காலைப் பிடித்து உலுக்கினாள். எட்டு மாதம் விழுங்கி வைத்திருந்தது கடைசியில் வந்துவிட்டது.

"அண்ணா, அவர் கேட்கல. ஒரு வரிகூடக் கேட்கல. நீங்க ஆரம்பிச்சப்பவே போயிட்டார். அந்த மூச்சுலயே போயிட்டார். நிறுத்துங்க. வில்லைக் கீழ போடுங்க."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமைக்குள்ளிருந்து கண்ணீர் இறங்கி, மோவாயில் வயலின் பதிந்திருந்த இடத்தில் தேங்கியது. அவள் சொன்னதைக் கேட்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

"உஷ், தங்கச்சி. அவன் இன்னும் மூச்சு விடல."

அவள் திரும்பி அரங்கத்தைப் பார்த்தாள். வரிசை வரிசையாக முகங்கள். எல்லாம் மேடையை நோக்கி, எல்லாம் அமைதியாக, மரியாதையாக. ஒரு தோள்கூட அசையவில்லை. கதவோரம் டிக்கெட் கிழிப்பவரும் அப்படியே நின்றிருந்தார். கூரைமேல் மழை பெய்துகொண்டிருந்தது.

கை இன்னும் மகளின் மார்பில்தான் இருந்தது. இறங்கும் என்று காத்திருந்தாள். அன்றைக்குக் காத்திருந்த மாதிரியே.

நேரான அந்த மூக்கில், மெல்ல, விசில் கேட்டது. நிரம்பி வழிந்துகொண்டிருந்த அந்த மார்பு அவள் உள்ளங்கையைத் தள்ளிக்கொண்டு இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக விலகுவது கைக்குத் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் அரங்கம் மொத்தமும் அதனோடு சேர்ந்து மூச்சை உள்ளே இழுத்தது. அவளும் இழுத்தாள்.